சானடோரியம் நடைமேடைக்குப் போகாமலே சோதிக்கலாம்

சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ரயில் பிடிக்க இரண்டு நிலையங்கள் உண்டு: குரோம்பேட்டை, இல்லாவிட்டால் தாம்பரம் சானடோரியம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் இது. 2015 ஏப்ரலில் இதே தடத்துக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்தது. முன்பதிவில்லாத டிக்கெட்டைக் காகிதமே இல்லாமல் கைபேசியில் எடுக்கும் வசதியை ரயில்வே அப்போது சென்னை எழும்பூர் – தாம்பரம் புறநகர்ப் பிரிவில் தொடங்கிவைத்தது. ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான ‘கிரிஸ்’ உருவாக்கிய யுடிஎஸ் செயலி அது.

அந்தச் செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு விதி நன்றாகத் தெரியும். நடைமேடையில் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாது. ஜிபிஎஸ் மூலம் நாம் நிற்கும் இடத்தைப் பார்த்துச் செயலி மறுத்துவிடும். பரிசோதகரைத் தூரத்தில் கண்டதும் அவசரமாக டிக்கெட் எடுத்துத் தப்பிக்கக் கூடாது என்பதுதான் காரணம். பயணிக்கு இது ஒரு வரி விதி. ஆனால் இதை நிரலாக எழுதி, சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டியவருக்கு, செயலிக் கட்டமைப்பின் ஒரு பெரிய பாடமே இதற்குள் இருக்கிறது. ‘டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்று மென்பொருள்காரர்கள் சொல்லும் முறை அது.

இப்படி ஒரு டிக்கெட் செயலியை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டிக்கெட் பதிவைக் கவனிக்க ஒரு கிளாஸ், அதாவது ஒரு நிரல் தொகுப்பு, எழுதுகிறோம். இடம் தெரிய வேண்டுமா, அதற்குள்ளேயே ஜிபிஎஸ்ஸைத் திறக்கிறோம். நேரம் தெரிய வேண்டுமா, அங்கேயே கைபேசியின் கடிகாரத்தைக் கேட்கிறோம். பணம் கழிக்க வேண்டுமா, அங்கிருந்தே சர்வரைக் கூப்பிடுகிறோம். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள். செயலியும் ஓடும்.

சிக்கல் சோதிக்கும்போது வரும். நடைமேடையில் நின்றால் மறுக்கிறதா என்று பார்க்க, ஒருவர் கைபேசியோடு சானடோரியம் நிலையத்துக்குப் போகவேண்டும். சீசன் டிக்கெட் நள்ளிரவு 12 மணிக்குச் சரியாகக் காலாவதியாகிறதா என்று அறிய, அதுவரை விழித்திருக்கவேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது மூன்றாவது: பணம் கழிந்த பிறகு, டிக்கெட் வந்து சேர்வதற்கு முன்பு இணையம் அறுந்தால் என்ன ஆகும்? பயணியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த ஒரு நொடி இடைவெளியில் இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பது மனிதக் கையால் ஆகிற காரியமில்லை. அதனால் அது சோதிக்கப்படாமலே வெளியாகிவிடுகிறது.

ஆண்ட்ராய்டில் போலி இருப்பிடம் வைக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஒருவர் உட்கார்ந்து கையால் செய்யும் வேலை. நிரலில் ஒரு வரி மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான சோதனைகள் தானாக ஓடி முடியவேண்டும் என்றால் அது போதாது. தவிர, நல்ல டிக்கெட் செயலி போலி இருப்பிடத்தை ஏற்கவும் கூடாது.

இதற்கான தீர்வு நம் வீட்டுக் கல்யாணங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சமையல் மாஸ்டர் மளிகைச் சாமானை வாங்கிவருவதில்லை. என்னென்ன வேண்டும் என்று லிஸ்ட் மட்டும் எழுதிக் கொடுப்பார். பெண் வீட்டார் அதை வாங்கி மண்டபத்தில் இறக்குவார்கள். எந்தக் கடைச் சரக்கு என்பது அவர் கவலை இல்லை. சமையல்தான் அவர் வேலை. நம் கிளாஸையும் அப்படி எழுதிவிடலாம். ‘எனக்கு இடம் சொல்லும் ஒன்று வேண்டும், நேரம் சொல்லும் ஒன்று வேண்டும், பணம் கழிக்கும் ஒன்று வேண்டும்’ என்று அது தன் கன்ஸ்ட்ரக்டரில், அதாவது தான் உருவாகும் வாசலிலேயே அறிவித்துவிடும். அவற்றைத் தானே உருவாக்காது. வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

‘இடம் சொல்லும் ஒன்று’ என்பதற்கு மென்பொருளில் இன்டர்ஃபேஸ் என்று பெயர். செயல் என்ன என்பதை மட்டும் அது சொல்லும். எப்படிச் செய்வது என்று சொல்லாது. பயணியின் கைபேசியில் ஜிபிஎஸ் அந்த இடத்தில் வந்து அமரும். சோதனையின்போது ‘நான் சானடோரியம் நடைமேடையில் இருக்கிறேன்’ என்று எப்போதும் ஒரே பதிலைச் சொல்லும் மூன்று வரிப் போலி அங்கே அமரும். கடிகாரத்துக்குப் பதில் 11 மணி 59 நிமிடத்தில் நின்றுபோன கடிகாரத்தைக் கொடுக்கலாம். பணம் கழிந்ததும் வேண்டுமென்றே அறுந்துபோகும் இணைப்பைக் கொடுக்கலாம். டிக்கெட் பதிவு செய்யும் கிளாஸில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நடைமேடைக்குப் போகாமல், நள்ளிரவு வரை காத்திருக்காமல், எல்லாவற்றையும் மேசையிலிருந்தே நொடிகளில் சோதித்துவிடலாம்.

கடிகார விஷயத்தில் இது வெறும் யோசனை இல்லை. 2014-ல் வந்த ஜாவா 8 மொழியோடு ‘கிளாக்’ என்ற கிளாஸும் வந்தது. நேரம் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் அதை வெளியிலிருந்து கொடுப்பதே சிறந்த வழக்கம் என்று அதன் அதிகாரப்பூர்வ ஆவணமே சொல்கிறது.

சோதனை ஒரு பயன். மாற்றம் இன்னொரு பயன், என் பார்வையில் அதைவிடப் பெரியது. யுடிஎஸ் செயலியில் பிறகு நிலையத்துக்குள்ளேயே டிக்கெட் எடுக்க ஒரு வழி வந்தது: அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்வது. குறி எந்த நிலையத்தினுடையதோ, பயணி அங்கே இருக்கிறார் என்று பொருள். இடம் அறிய ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்த வேலைக்கு இரண்டாவது ஆதாரம் கிடைத்துவிட்டது. நிலையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்ற வெளிவட்ட வரம்பு 2024-ல் நீக்கப்பட்டது. 2025 ஜூலையில் ‘ரயில்ஒன்’ என்ற புதிய செயலியே வந்துவிட்டது. பொதுமக்கள் பயன்படுத்தும் செயலியில் விதிகள் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். ஜிபிஎஸ் அழைப்பு இருபது திரைகளில் சிதறிக்கிடந்தால், ஒவ்வொரு மாற்றமும் இருபது இடங்களில் கைவைக்கும் வேலை. வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதியிருந்தால், கொடுக்கும் இடத்தில் மட்டும் மாற்றினால் போதும்.

இந்தச் சிந்தனை கைபேசிக்கு முந்தையது. மேல்நிலை விதிகள் கீழ்நிலைக் கருவிகளைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற கோட்பாட்டை மென்பொருள் வல்லுநர் ராபர்ட் மார்ட்டின் 1996-ல் எழுதினார். ஸ்பிரிங், பிக்கோகன்டெய்னர் போன்ற நிரல் கருவிகள் இதைச் சர்வர் உலகில் நடைமுறையாக்கிய காலத்தில், 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய நீண்ட கட்டுரை வழியே ‘டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்ற பெயர் நிலைபெற்றது. 2007-ல் கூகுள் ‘கைஸ்’ என்ற கருவியை வெளியிட்டது. ஆனால் அது, செயலி ஓடும்போதே கிளாஸ்களைத் துழாவிப் பார்த்து இணைக்கும். 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியின் ரேம் வெறும் 192 எம்பி. அந்தக் கைபேசிகளுக்கு இது பெரும் சுமை. செயலி திறக்கவே நேரம் பிடிக்கும்.

2012-ல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘டேகர்’ இந்தச் சுமையைக் குறைத்தது. 2015-ல் கூகுள் கொண்டுவந்த ‘டேகர் 2’ எல்லா இணைப்புகளையும் நிரலைத் தொகுக்கும்போதே, அதாவது நிரலாளரின் கணினியிலேயே, எழுதி முடித்துவிடுகிறது. ஏதாவது ஒன்றைக் கொடுக்க மறந்திருந்தால் செயலி உருவாகவே உருவாகாது. பிழை பயணியின் கைக்குப் போவதற்கு முன்பே பிடிபடுகிறது. டேகரைக் கற்பது கடினம் என்ற குறையைத் தீர்க்க, அதன் மேல் கட்டப்பட்ட ‘ஹில்ட்’ 2020-ல் அறிமுகமானது.

ஆண்ட்ராய்டுக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. ஆக்டிவிட்டி எனப்படும் திரைகளை நிரலாளர் உருவாக்குவதில்லை. இயங்குதளமே உருவாக்கும், இயங்குதளமே அழிக்கும். கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினாலே பழைய திரை அழிந்து புதிது பிறப்பது அதன் இயல்பு. அதனால் ‘யார் கொடுப்பது’ என்பதோடு ‘எவ்வளவு காலம் உயிரோடு இருக்கவேண்டும்’ என்ற கேள்வியும் எழுகிறது. டிக்கெட்டுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ரயில்வே வாலட்டின் இருப்புத்தொகையைப் பாருங்கள். முகப்புத் திரை தனக்கென ஒரு வாலட் ஆப்ஜெக்டையும், பதிவுத் திரை தனக்கென இன்னொன்றையும் உருவாக்கிக்கொண்டால், ஒன்றில் பணம் கழிந்திருக்கும், மற்றொன்று பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும். வாலட் செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. படிவத்தில் பாதி நிரப்பிய விவரம் அந்தத் திரையோடு முடிந்துபோகவேண்டியது. இந்த ஆயுட்கணக்கை நிரலாளர் ஓரிடத்தில் எழுதிவைத்தால் போதும், ஹில்ட் அதன்படி நடக்கும். ஹில்ட்டின் உண்மையான மதிப்பு இதில்தான் என்று நான் கருதுகிறேன். தட்டச்சு செய்யும் வரிகள் குறைவது அதற்குப் பிறகுதான்.

ஐபோனில் ஸ்விஃப்ட் மொழியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே கொடுத்துவிடுகிறார்கள். அதிலும் தவறில்லை. சொல்லப்போனால், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். நான்கு திரைச் செயலிக்கு டேகரைப் போட்டு, ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் எழுதி, புதிதாகச் சேருபவர் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிக்கும்படி செய்வது கட்டமைப்பு ஆகாது. வெளி உலகத்தைத் தொடும் இடங்களான கடிகாரம், இருப்பிடம், இணையம், சேமிப்பு ஆகியவற்றை மட்டும் பிரித்தாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இரண்டு எண்களைக் கூட்டும் வேலைக்கு யாரும் எதையும் கொண்டுவந்து கொடுக்கவேண்டியதில்லை.

குரோம்பேட்டை எம்ஐடி முதல் தாம்பரத்தைத் தாண்டிய பொறியியல் கல்லூரிகள் வரை, இந்தப் பகுதியில் இறுதியாண்டுத் திட்டத்துக்குச் செயலி எழுதும் மாணவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹில்ட்டைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்று உங்கள் நிரலைத் திறந்து, ‘இப்போது மணி என்ன’ என்று கைபேசியை நேரடியாகக் கேட்கும் ஒரே ஒரு வரியைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கடிகாரத்தைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து கொடுங்கள். பிறகு நின்றுபோன கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, நள்ளிரவு 12 மணிக்கு உங்கள் செயலி என்ன செய்கிறது என்று ஒரு சோதனை எழுதிப் பாருங்கள்.