மென்பொருள் கட்டமைப்பாளர்: பிரடரிக் புரூக்ஸ் காட்டிய நெறி

கட்டடம் எழுப்புவோர் பலர். கல் அடுக்குவோர், மரம் இழைப்போர், சாந்து பூசுவோர் என அவரவர்க்கு அவரவர் தொழில் உண்டு. ஆயினும், வாசல் எத்திசை நோக்க வேண்டும், எந்தச் சுவர் பாரம் தாங்க வேண்டும், பின்னாளில் மாடி எழுப்ப வேண்டுமாயின் அடித்தளம் எத்துணை ஆழம் செல்ல வேண்டும் என்பனவற்றை முன்னரே எண்ணித் துணிவதற்கு ஒருவர் வேண்டும். கணிப்பொறி உலகில் அப்பணியைச் செய்பவரே மென்பொருள் கட்டமைப்பாளர் ஆவார். வங்கிக் கணக்கும், இரயில் பயணச்சீட்டும், மருத்துவமனைப் பதிவேடும் மென்பொருளைச் சார்ந்துவிட்ட இக்காலத்தில், அப்பணியின் இயல்பையும் அதற்குரிய திறன்களையும் அறிதல் அனைவர்க்கும் பயன் தரும். இத்துறையின் முன்னோடியருள் ஒருவரான பிரடரிக் புரூக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் வாழ்க்கை வழியே அதனைக் காண்போம்.

நிரலாளரும் கட்டமைப்பாளரும்

நிரலாளர், கொடுக்கப்பட்ட பணியைக் கணிப்பொறி எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை எழுதுகிறார். கட்டமைப்பாளரோ, செய்யப்பட வேண்டியது யாது, அது எப்பகுதிகளாகப் பிரிய வேண்டும், அப்பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு உறவு கொள்ள வேண்டும் என்பனவற்றை வரையறுக்கிறார். நிரலில் நேரும் பிழையை ஒரு நாளில் திருத்திவிடலாம். கட்டமைப்பில் எடுத்த முடிவை மாற்றுதல் எளிதன்று. நினைவகம் அருமையாக இருந்த காலத்தில், ஆண்டைக் குறிக்க இறுதி இரண்டு இலக்கங்களே போதும் என முடிவு செய்தனர். அச்சிறு முடிவின் விளைவாக, 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் உலகெங்கும் பழைய நிரல்களைத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. எளிதில் மாற்றவியலாத முடிவுகளைப் பொறுப்போடு எடுப்பதே கட்டமைப்பாளரின் தொழில் என்பது இதனால் விளங்கும்.

புரூக்ஸின் பணிவாழ்வு

புரூக்ஸ் 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரில் பிறந்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி முன்னோடியான ஹோவர்டு ஐக்கனிடம் ஆய்வு செய்து, 1956இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார்.

அந்நாளில் அந்நிறுவனம் விற்ற கணிப்பொறி வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. சிறிய பொறி வாங்கியவர் பெரியதற்கு மாற விரும்பினால், தம் நிரல்களைப் புதிதாக எழுத வேண்டும். இக்குறையை நீக்க எழுந்ததே 'சிஸ்டம் 360' என்னும் கணிப்பொறிக் குடும்பம். சிறியதும் பெரியதுமான பொறிகள் அனைத்தும் ஒரே கட்டளைத் தொகுதிக்கு அடங்கி நடத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. புரூக்ஸ் அத்திட்டத்தின் மேலாளராகத் திகழ்ந்தார். ஜீன் அம்டால், கெரிட் பிளாவ் ஆகியோர் அவரோடு இணைந்து அதன் கட்டமைப்பை வகுத்தனர். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பொறியின் உள்ளே மின்சுற்றுகள் எவ்வாறாயினும், நிரல் எழுதுபவர்க்குப் புலப்படும் இயல்புகளே அதன் 'கட்டமைப்பு' என அம்மூவரும் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையில் வரையறுத்தனர். அம்மரபில் வந்த பெருங்கணிப்பொறிகள் இன்றும் வங்கிகளில் இயங்கி வருகின்றன.

பின்னர்ப் புரூக்ஸ் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியல் துறையை நிறுவி, 20 ஆண்டுகள் அதன் தலைவராக விளங்கினார். 1999ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் தம் 91ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

எட்டு என்னும் முடிவு

கட்டமைப்பு முடிவு ஒன்று எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஒரு சான்று காண்போம். அக்காலத்தில் எழுத்து ஒன்றுக்கு 6 பிட் ஒதுக்குவது பெருவழக்கு. 6 பிட்டில் 64 குறிகளே அடங்கும். ஆங்கிலப் பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, எண் 10 எனக் கூட்டினால் 62 ஆகிவிடும். நிறுத்தக்குறிகளுக்கு எஞ்சுவது இரண்டே இடம். ஆதலின் சிற்றெழுத்துகளை விலக்கிப் பேரெழுத்துகளை மட்டுமே கணிப்பொறிகள் கையாண்டன. நினைவகம் விலை மிகுந்திருந்தும், புரூக்ஸ் 8 பிட் கொண்ட பைட்டையே தேர்ந்தார். அதில் 256 குறிகள் அடங்கும். தம் வாழ்வில் எடுத்த முடிவுகளுள் இதுவே தலையாயது எனப் பிற்காலத்தில் அவர் கருதினார்.

8 பிட் பைட் உலக வழக்காயிற்று. இன்று இணையத்தில் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையும் அப்பைட்டை அடிப்படையாகக் கொண்டதே. அம்முறையில் 'க' என்னும் எழுத்து மூன்று பைட்டுகளாகவும், 'கா' என்பது ககரமும் கால்குறியுமாக ஆறு பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகின்றன. தமிழை எண்ணிச் செய்யாத ஒரு முடிவு தமிழுக்கும் இடம் தந்தது. இன்றைய தேவைக்குச் சற்று மிகுதியாக இடம் விடுதல் நாளைய தலைமுறைக்குச் செய்யும் உதவியாகும்.

பத்துப் பேரும் நூற்றைம்பது பேரும்

'சிஸ்டம் 360' பொறிகளை இயக்கும் மென்பொருளாகிய ஓ.எஸ். 360இன் பொறுப்பும் புரூக்ஸிடம் வந்தது. உச்ச நிலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். அதன் வரையறைகளை எழுதும் வேலை தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. கட்டமைப்புக் குழுவின் தலைவர், தேர்ந்த பத்துப் பேர் பத்து மாதங்களில் எழுதி முடிப்பர் என்றார். அது குறித்த காலத்தினும் மூன்று மாதம் மிகுதி. மற்றொரு மேலாளர், தம்மிடம் உள்ள 150 பேரும் வாளா இருப்பதைவிட அவர்களே எழுதினால் குறித்த காலத்தில் முடியும் என்றார். புரூக்ஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். விளைவு யாது? வேலை மூன்று மாதம் தாழ்ந்தே முடிந்தது. பல கைகள் எழுதியதால் கருத்தில் ஒருமை குன்றி, பிழை களையும் பணி மேலும் ஓராண்டு நீண்டது என அவரே கணித்தார்.

இத்தவற்றை அவர் மறைக்கவில்லை. மென்பொருள் பணியை மேலாண்மை செய்வது ஏன் இத்துணைக் கடினம் என நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் வினவியதற்கு விடையாக, 1975இல் 'தி மிதிகல் மேன்-மந்த்' என்னும் நூலை எழுதினார். காலந்தாழ்ந்த மென்பொருள் பணியில் மேலும் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்பது அந்நூல் கூறும் புகழ்பெற்ற விதி. பல பேர் சேர்ந்து அடித்தால் பாம்பு சாகாது என்னும் நம் பழமொழி இங்கு நினைக்கத்தக்கது. காரணமும் கணக்கில் உண்டு. ஐவர் தமக்குள் கலந்து பேச 10 இணைப்புகள் போதும். பதின்மர்க்கு 45 வேண்டும். ஐம்பதின்மர்க்கு 1,225 வேண்டும். ஆள் பெருகப் பெருக, வேலைக்குரிய நேரம் பேச்சிலே கரைகிறது. புதியவர்க்குக் கற்பிப்பதும் பழையவர் தலையில் விழுகிறது. நாற்றங்காலில் எத்தனை உழவர் கூடி நின்றாலும் நாற்று தன் நாளில்தான் முதிரும்.

கட்டமைப்பாளர்க்குரிய திறன்கள்

புரூக்ஸின் வாழ்விலிருந்தும் நூலிலிருந்தும் நாம் பெறும் திறன்கள் நான்கு.

முதலாவது, ஒருமை காத்தல். நூறு நல்ல கருத்துகள் தனித்தனியே நிற்பதைவிட, ஒரே கருத்தால் பிணைந்த எளிய அமைப்பே சிறந்தது. பயன்படுத்துவோர் ஓரிடத்தில் கற்றது பிறிதோரிடத்திலும் செல்லுபடியாதல் வேண்டும்.

இரண்டாவது, மறுக்கும் துணிவு. முதற்பணியில் அஞ்சி அளவோடு செய்பவர், இரண்டாம் பணியில் எண்ணியதையெல்லாம் திணிக்க முற்படுவர் என்று புரூக்ஸ் எச்சரித்தார். ஓ.எஸ். 360இல், நெட்டாண்டின் 366ஆம் நாளை மட்டும் கையாள்வதற்கென 26 பைட்டுகள் எப்பொழுதும் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருந்ததை அவரே எடுத்துக்காட்டினார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அவ்வேலையை, பொறியை இயக்குபவரிடமே விட்டிருக்கலாம்.

மூன்றாவது, தெளிவாக எழுதும் ஆற்றல். கட்டமைப்பாளரின் முதன்மையான படைப்பு நிரலன்று, கையேடே ஆகும். கருத்து பலருடையதாயினும், எழுதும் கை ஒன்றோ இரண்டோதான் இருத்தல் வேண்டும் என்றார் புரூக்ஸ். சொல்லில் ஐயம் இருப்பின் நூறு நிரலாளர் நூறு வகையாகப் பொருள் கொள்வர். மொழிப்பயிற்சி கணிப்பொறி மாணவர்க்கும் இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது, திருத்திக்கொள்ளும் பண்பு. மென்பொருளின் ஒரு பகுதி தன் உள்விவரங்களைப் பிற பகுதிகளுக்கு மறைத்து வைத்தல் வேண்டும் என டேவிட் பர்னாஸ் 1972இல் எழுதினார். புரூக்ஸ் தம் நூலில் அதனை மறுத்தார். 20 ஆண்டுகள் கழித்து, 1995இல் வந்த பதிப்பில், பர்னாஸ் கூறியதே சரி என்று வெளிப்படையாக ஒப்பினார்.

இன்றைய மாணவர்க்கு

எந்த நிரல் மொழியைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று மாணவரும் பெற்றோரும் வினவுகின்றனர். இன்றோ, நிரலையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. கற்றது வீணாகுமோ என்னும் அச்சம் இயல்பே. புரூக்ஸ் வகுத்த காலப் பங்கீட்டை இங்கு நோக்குதல் தகும். திட்டமிடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுத ஆறில் ஒரு பங்கு, சோதிக்கப் பாதி என்பது அவர் கணக்கு. 1986இல் எழுதிய கட்டுரையிலும், மென்பொருளின் மெய்யான கடினம் எழுதுவதில் இல்லை, எதனைச் செய்வது எனத் தெளிவதிலேயே உள்ளது என்று நிறுவினார். கருவி குறைப்பது அந்த ஆறில் ஒரு பங்கின் சுமையை. பிறர் தேவையைச் செவிமடுத்து அறிதலும், வேண்டாததை விலக்கலும், முடிவுக்குப் பொறுப்பேற்றலும் மனிதர் கடமையாகவே நிற்கின்றன.

இத்தகுதி சான்றிதழால் ஒரு நாளில் வாய்ப்பதன்று. பிறர் எழுதிய நிரலைப் பொறுமையுடன் படித்தும், தாம் கட்டியது பழுதுறும்போது உடனிருந்து சீர்செய்தும், பல்லாண்டுகளில் முதிர்வது. மொழிகள் மாறும், கருவிகள் மாறும். ஆயினும் தெளிந்த சிந்தனையும் திருந்திய எழுத்தும் உடையார்க்கு எக்காலத்தும் இடம் உண்டு. மாணவச் செல்வங்கள் அவ்விரண்டையும் கல்லூரி நாளிலேயே பயிலத் தொடங்குவாராக!