சிங்கப்பூரில் தமிழ்த் துறைசார் பதிப்புகள்: இலக்கியம், சமயம், அறிவியல், குடும்ப நலம்

முன்னுரை

சிங்கப்பூரில் தமிழ் நூல் அச்சேறிய வரலாறு ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழைமையானதாகக் கருதப்படும் 'முனாஜாத்துத் திரட்டு' 1872ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர் இயற்றிய இசுலாமியப் பாடல்களின் தொகுப்பு அது. அன்றுதொட்டு வெளிவந்த கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றைப் பற்றி ஆய்வேடுகளும் கட்டுரைகளும் பல எழுந்துள்ளன. ஆயின், அந்நகரில் இலக்கியம் அல்லாத தமிழ்ப் பதிப்புகள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

இலக்கியம், சமயப் பணி, அறிவியல், குடும்ப நலம் என்னும் நான்கு துறைகளையும் ஒருசேர வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. முன்னிரண்டு துறைகளில் தமிழர் தமிழில் எழுதினர். பின்னிரண்டு துறைகளில் பெரும்பாலும் பிறமொழியில் எழுதப்பட்டவை தமிழில் பெயர்க்கப்பட்டன. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அது தமிழ் கற்பிப்போர்க்கு எதனை உணர்த்துகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சமயமும் இலக்கியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் தமிழ் அச்சினை முன்னெடுத்தவர்களுள் தமிழ் முசுலிம்கள் முதன்மையானவர்கள். சி. கு. மகுதூம் சாயபு தீனோதய இயந்திரசாலையிலிருந்து 1887 முதல் 1890 வரை வெளியிட்ட 'சிங்கை நேசன்' வார இதழ் செய்தி, கடிதம், பாடல், உரையாடல் ஆகியவற்றை ஒரே இதழில் தாங்கி வந்தது. அதில் 1888இல் வெளிவந்த 'விநோத சம்பாஷணை' என்னும் பகுதியைச் சிறுகதையின் முன்னோடியாகக் கொள்ள வேண்டும் என ஆய்வாளர் நா. கோவிந்தசாமி வாதிட்டார். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி'யும் 'சித்திரகவிகள்' என்னும் நூலும் 1887ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. பாடல் இயற்றிய புலவரும் அதனை ஓதிய அடியாரும் ஒரே சமூகத்தவர். எனவே நூலுக்கும் வாசகருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.

கிறித்துவப் பணியும் அச்சினைக் கருவியாகக் கொண்டது. வில்லியம் செல்லாபேர் 1890இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் அச்சகம், பின்னர் மெதடிஸ்டுப் பதிப்பகமாகவும் அதன்பின் மலாயா பதிப்பகமாகவும் வளர்ந்தது. நம்மவர் நன்கறிந்த எம்.பி.எச். புத்தக நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. இக்காலத்திலும் சமயத் துறையில் தமிழ் எழுத்து தளரவில்லை. சிங்கப்பூர் இசுலாமிய சமய மன்றம் வெள்ளிக்கிழமைப் பேருரைகளை மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் வெளியிட்டு வருகிறது. வழிபாட்டிடத்தில் கூடுவோர் அம்மொழியில் கேட்க விரும்பும்வரை அம்மொழியில் எழுத்தும் தொடரும் என்பதற்கு இது சான்று.

1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', இலக்கியத்திற்கு நிலையான மேடை அமைத்தது. 1976இல் தோன்றிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகமும் பிற அமைப்புகளும் அதனைப் பேணி வந்துள்ளன. நாட்டின் பொன்விழாவையொட்டி 2015இல், சுதந்திரத்திற்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளின் தமிழ்ப் படைப்புகள் ஏறத்தாழ 350 மின்னாக்கம் செய்யப்பட்டுத் தேசிய நூலகத்தின் வழியாகப் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தன. அதன் தொடர்ச்சியாக நாடகம், இசை, நடனம் ஆகிய துறைகளும் தொகுக்கப்பட்டன. இது பாராட்டத்தக்க பணி. எனினும், தொகுக்கப்பட்ட துறைகள் யாவும் கலை சார்ந்தவை என்பது கருதத்தக்கது.

அறிவியல் நூலும் வகுப்பறையும்

தமிழில் அறிவியல் நூல் எப்போது பிறக்கிறது என்பதற்கு யாழ்ப்பாணம் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ்க் கிறீன், வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். பயிற்சி பெற்றோர் தத்தம் ஊர்களிலேயே தங்கித் தம் மக்களுக்குப் பணிசெய்ய வேண்டும் என அவர் விரும்பினார். ஆதலால் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகியவற்றைப் பற்றிய நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழாக்கம் செய்யப்பட்டன. அவற்றோடு கலைச்சொற்களும் உருவாயின. முதலில் வகுப்பு தோன்றியது. வகுப்பின் தேவையால் நூல் தோன்றியது. நூலின் தேவையால் சொல் தோன்றியது. இவ்வரிசை மனங்கொள்ளத்தக்கது.

சிங்கப்பூரில் இவ்வரிசை பின்னோக்கி நிகழ்ந்தது. தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கிய காலத்தில் கணக்கும் அறிவியலும் தமிழில் கற்பிக்கப்பட்டன. பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடியதால் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. தஞ்சோங் பகார் பகுதியில் புகழ்பெற்று விளங்கிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆயிற்று. தமிழ், தாய்மொழிப் பாடமாக நிலைபெற்றது. வகுப்பு மறைந்ததும் அறிவியல் நூலுக்கான தேவை மறைந்தது. நூல் மறைந்ததும் சொல்லின் புழக்கம் சுருங்கியது.

அதே நகரம் உலக அறிவியல் பதிப்புத் துறையில் ஒரு முக்கிய மையமாக வளர்ந்தது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1928இல் ராபிள்ஸ் அரும்பொருளகத்தின் வெளியீடாகத் தொடங்கிய விலங்கியல் ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது. 1960 முதல் சிங்கப்பூர் மருத்துவ ஆய்விதழ் வெளிவருகிறது. 1981இல் நிறுவப்பட்ட வேர்ல்டு சயின்டிபிக் நிறுவனம் உலகளவில் அறிவியல் நூல்களை வெளியிட்டு வருகிறது. இவை யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அந்நகரில் அறிவியல் ஆய்வில் ஈடுபட்ட தமிழர் பலர். அவர்களுடைய துறை வாழ்வு ஆங்கிலத்தில் நிகழ்கிறது. தமிழ் வாழ்வு கோயிலிலும் கலையரங்கிலும் நிகழ்கிறது.

மலேசிய வாசகர்க்கு இது அயலார் கதையன்று. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்கும் இந்நாட்டில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, அதுவரை உருவாகியிருந்த பாடநூல் தமிழ் என்னவாகும் என்ற கவலை எழுந்தது. 2012 முதல் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகள், ஒரு கொள்கை மாற்றத்தால் ஒரு துறையின் மொழி எவ்வளவு விரைவில் ஆட்டங்காணும் என்பதை ஆசிரியர்களுக்கு உணர்த்தின.

குடும்ப நலமும் அரசின் தமிழும்

குடும்ப நலத் துறையில் தமிழ் வேறொரு வழியில் நுழைந்தது. 1949இல் தன்னார்வலர்கள் சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தனர். 1966இல் அப்பணி அரசின் குடும்பக் கட்டுப்பாடு மற்றும் மக்கள்தொகை வாரியத்திடம் சென்றது. இரண்டு குழந்தைகளே போதும் என்னும் இயக்கம் 1972இல் தொடங்கியது. அதன் சுவரொட்டிகள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சிடப்பட்டன. பிறப்பு விகிதம் வீழ்ச்சியுற்றதும், வசதியுள்ளோர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெறலாம் என்ற கொள்கை 1987இல் அறிவிக்கப்பட்டது.

இந்த இருபது ஆண்டுகளில் ஒரு தமிழ்த் தாய் தன் இல்லறத்தின் மிக அந்தரங்கமான முடிவைப் பற்றி முதலில் ஓர் அறிவுரையையும் பின்னர் ஏறக்குறைய அதற்கு மாறான அறிவுரையையும் தன் மொழியில் வாசித்தாள். அவ்வறிவுரையின் சொற்களைத் தேர்ந்தவர் யார், அவை எந்த அளவுக்கு விளங்கின, எவை கூச்சத்தையோ அச்சத்தையோ தந்தன என்பவை தமிழியல் ஆய்வுக்குரிய வினாக்கள். அத்துண்டு வெளியீடுகளை நாம் நூல்களாகக் கருதாமையால் அவற்றை ஆராயவும் முனையவில்லை. உண்மையில் புகழ்பெற்ற பல கவிதைத் தொகுப்புகளைக் காட்டிலும் அவை மிகுதியான இல்லங்களைச் சென்றடைந்திருக்கக்கூடும்.

இத்தகைய அரசுத் தமிழைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. மத்திய சேமநிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சமூக மன்றம், தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, பெருவிரைவு ரயில், விரைவுச்சாலை முதலிய தொடர்கள் செய்தித்தாள், வானொலி, அரசு வெளியீடு ஆகியவற்றின் வழியே நிலைபெற்றவை. தமிழகத்து வாசகர்க்கு இவற்றுட் சில புதியனவாகத் தோன்றலாம். சிங்கப்பூர்த் தமிழர்க்கு இவை அன்றாடச் சொற்கள். துறைசார் தமிழ் இயலாத ஒன்று என்னும் கூற்றுக்கு இவையே மறுப்பு.

எனினும், மொழிபெயர்ப்பையே சார்ந்த எழுத்துக்குரிய ஆபத்தும் உண்டு. 2014இல் லாவ் பா சாட் உணவங்காடியைச் சுட்டும் பலகையில் அதன் பெயர் தமிழில் பிழையாக இடம்பெற்றது பேசுபொருளாயிற்று. அவ்வாண்டிலேயே அரசின் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் நேரும் பிழை நகைப்போடு நீங்கிவிடும். மருந்தின் அளவிலும் மணமுறிவுச் சட்டத்தின் விளக்கத்திலும் நேரும் பிழை அவ்வாறு நீங்காது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது விடுதிகளில் தங்கியிருந்த தமிழகத் தொழிலாளர்க்குத் தமிழில் சுகாதார அறிவிப்புகள் தேவைப்பட்டன. தெளிவான துறைத் தமிழ் உயிர்காக்கும் பொருளாவதை அவ்வாண்டு காட்டியது.

ஆய்வின் மொழி

தமிழரைப் பற்றிய ஆய்வே எம்மொழியில் வெளிவருகிறது என்பதும் நோக்கத்தக்கது. 1950களில், அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுக்கு வடமொழியா தமிழா என்ற கேள்வி எழுந்தது. அப்போது சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திட்டத்தைத் தொடங்கினார். தொழிலாளரும் சிறு வணிகரும் தம் ஊதியத்திலிருந்து வெள்ளி வெள்ளியாக வழங்கினர். பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் சேர்ந்தன. 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. தனிநாயகம் அடிகள் 1961இல் அதன் பொறுப்பை ஏற்றார்; 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரில் நடைபெற்றது.

அம்மாநாட்டுக் கட்டுரைகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தன. தமிழியலை உலக அறிஞர் முன் நிறுத்த அது தேவைப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2019இல், சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை விரிவாகக் கூறும் இரண்டு தொகுதிகள் கொண்ட ஆய்வு நூல் இந்திய மரபுடைமை நிலையத்தின் முயற்சியால் வெளிவந்தது. அருண் மகிழ்நனும் நளினா கோபாலும் பதிப்பித்த அவ்வரிய நூலும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. உலகோடு உரையாட ஆங்கிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், வெள்ளி வழங்கிய அத்தொழிலாளியின் பேரன் தன் மொழியில் தன் வரலாற்றை வாசிக்க எந்நூலை நாடுவான் என்ற கேள்விக்கு விடையளிக்கும் கடமை துறையினர்க்கு உண்டு.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இலக்கியம் அல்லாத தமிழ் வெளியீடுகளுக்கு நூலடைவு ஒன்று தேவை. 1886ஆம் ஆண்டின் நூல் பதிவுச் சட்டம் அச்சகத்தார் படிகளை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. அத்தகைய ஏற்பாட்டினாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு பிரித்தானிய நூலகம் வரை சென்று பிழைத்தது. இன்றைய துண்டு வெளியீடுகளையும் அதே அக்கறையோடு தொகுத்தல் வேண்டும். இரண்டாவதாக, தமிழர் வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் விரிவான தமிழ்ச் சுருக்கம் ஒன்றை ஆய்வாளரே எழுதலாம். மூன்றாவதாக, மருத்துவர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரும் தமிழாசிரியரும் இணைந்து எழுதும் சிறு நூல்கள் வேண்டும். துறையறிவு ஒருவரிடமும் மொழியறிவு மற்றொருவரிடமும் இருக்கும் நிலையில் இருவரும் ஒரே மேசையில் அமர்தலே வழி.

கருவிக்குக் குறைவில்லை. தமிழ் இணையத்தின் முன்னோடி முயற்சிகள் சிங்கப்பூரிலேயே நிகழ்ந்தன. 1995இல் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்குக் கூடியது. 2000இல் உத்தமம் அமைப்பு அங்குத் தோன்றியது. எழுத்தை ஏற்றும் வழி கண்டவர்கள் நாம். ஏற்றுதற்குரிய பொருளை விரிவாக்குவதே எஞ்சியுள்ளது.

முடிவுரை

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். இச்சரிவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, வளர்ந்த பிள்ளை தன் தொழிலையும் உடல்நலத்தையும் குடும்பச் சிக்கலையும் பற்றிச் சிந்திக்கத் தமிழில் வாசிப்பதற்கு அரிதாகவே ஏதேனும் காண்பது. வகுப்பறை இருந்த இடத்தில் நூல் பிறந்தது என யாழ்ப்பாணத்தில் கண்டோம். இன்றும் சிங்கப்பூரின் பல பள்ளிகளிலிருந்தும் தமிழ் பயிலும் மாணவர் வருகின்றனர்; அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் உள்ளனர். ஒரு சிறுகதைக்கு அடுத்து நீரிழிவு பற்றியோ குழந்தை வளர்ப்புப் பற்றியோ செம்மையாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை ஆசிரியர் வகுப்பில் வைப்பாரானால், அப்பக்கத்தை எழுதுவோரும் நாளடைவில் தோன்றுவர்.