பழி பேட்டரியின் மேல்

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால் தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தில் டிராக்டருக்கு இரவு பகல் கிடையாது. அந்த நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், செல்ஃப் சுற்றாது. “பேட்டரி போச்சு” என்று சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். புது பேட்டரி மாட்டியதும் வண்டி கிளம்பும். சில நாள் உழுத பிறகு மறுபடி அதே ‘டக்’.

பல நேரம் குற்றவாளி பேட்டரி அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டிய ஆல்டர்னேட்டர் ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கோளாறு எளிதில் வெளியே தெரியாது. பெட்ரோல் எஞ்சின் ஓடத் தீப்பொறி வேண்டும். சார்ஜ் ஏறாவிட்டால் வண்டி நடுவழியில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். டீசலோ அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள டிராக்டர் ஒருமுறை கிளம்பிவிட்டால், மின்சாரமே இல்லாமலும் நாள் முழுக்க உழும். ஆல்டர்னேட்டர் செத்துப்போன சேதி மறுநாள் காலைதான் தெரியவரும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். செல்ஃப் 200 ஆம்பியர் இழுத்து ஐந்து விநாடி சுற்றினாலும் செலவு 0.28 ஆம்பியர்-மணிதான். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது அரை சதவீதம்கூட இல்லை. 30 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர் அதை ஒரு நிமிடத்துக்குள் ஈடுகட்டிவிடும். ஹெட்லைட்டின் கதை வேறு. 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் மணிக்கு ஒன்பது ஆம்பியர்-மணி போகும். சார்ஜ் ஏறாத வண்டியில் விளக்குப் போட்டு நான்கு மணி நேரம் உழுதால் பேட்டரியில் ஏறக்குறைய பாதி காலி. பகலில் மட்டும் ஓடிய வண்டி பல நாள் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரே ஓர் இரவு உழவுக்குப் பின் படுத்துக்கொள்வது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். ஆறு செல்லும் நன்றாக இருந்து, சார்ஜும் நிறைந்திருந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து மறுபடி அளந்தால் மீட்டர் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே நிற்க வேண்டும். பழைய எண்ணிலேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மீறி ஏறுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் பல்பு அடிக்கடி போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

சார்ஜ் ஏறவில்லை என்றதும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற ஓடக் கூடாது. முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் அமுங்கலாம். பல டிராக்டர்களில் ரேடியேட்டர் ஃபேனையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது அதே பெல்ட்தான். ஆகவே சார்ஜும் ஏறாமல் எஞ்சினும் வழக்கத்தைவிடச் சூடாகிறது என்றால் பெல்ட் வழுக்குவதாகச் சந்தேகப்படலாம். சேற்றுழவில் கேஜ் வீல் வாரி இறைக்கும் சேறு பெல்ட்டையும் விடாது, ஆல்டர்னேட்டரையும் விடாது.

அடுத்தது மீட்டர் போர்டில் உள்ள சிவப்பு விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் ‘பல்புதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். பல மாடல்களில் ஆல்டர்னேட்டரின் சுழலும் காந்தச் சுருளுக்கு முதல் மின்சாரம் போவதே அந்த பல்பு வழியாகத்தான். பல்பு பீஸ் போனால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே சும்மா சுற்றிக்கொண்டிருக்கக் கூடும்.

பெல்ட், விளக்கு இரண்டும் சரியென்றால் ஒயரைப் பார்க்க வேண்டும். விளக்கைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தால் வித்தியாசம் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் வழியில் எங்கோ துரு, தளர்ந்த நட்டு, அல்லது பச்சை பூத்த டெர்மினல். எர்த் கேபிளையும் இதேபோல் பார்ப்பது நல்லது. பெயின்ட் அடித்த சேஸிஸ் மேல் எர்த்தை முறுக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்லும் பட்டறைகளும் உண்டு.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி, ‘வண்டி ஓடினால் டைனமோ நல்லது’ என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. டீசல் எஞ்சின் எப்படியும் ஓடத்தான் செய்யும் என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. அதைவிட மோசமானது அதன் விளைவு. டயோடு இல்லாத பழைய டைனமோ அதைப் பொறுத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டரில், அது தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பேட்டரி சட்டென்று விலகினால், அழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்கு எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் கருக அந்தக் கணம் போதும். டிராக்டரின் மேலேயே வைத்து எதையாவது வெல்டிங் செய்வதிலும் இதே ஆபத்து உண்டு. எஞ்சினை நிறுத்தி, பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிய பிறகே வெல்டிங் ராடை எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால் அறுவடைக்குப் பின் வண்டி சும்மா நிற்கும் கோடையைக் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரைய மறுக்கும். வண்டியை நிறுத்திவைக்கும் மாதங்களில் ஒயரைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜரில் போட்டு, குறைந்த தண்ணீருக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு கலந்த போர்த் தண்ணீர் உதவாது. கழற்றும்போது முதலில் எர்த், மாட்டும்போது கடைசியில் எர்த். வரிசை மாறி, பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சேஸிஸில் உரசினால், சார்ஜ் ஆகும்போது கிளம்பிய ஹைட்ரஜன் தேங்கியிருக்கும் இடத்திலேயே பொறி பறக்கும்.