உதட்டுக் கொப்புளமும் மூளைக் காய்ச்சலும்

காய்ச்சலோடு உதட்டோரத்தில் சிறு கொப்புளங்கள் போடுவதை நாம் கண்டிருக்கிறோம். இது ஹேர்ப்பிஸ் என்னும் வைரசின் வேலை. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றில் இருவரிடம் இது உண்டு. உமிழ்நீரால் தொற்றி, முகத்து நரம்பில் ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கும். பெரும்பாலும் தீங்கில்லை.

மிக அரிதாக இது மூளையைத் தாக்கும். காய்ச்சல், தலையிடியுடன் பேச்சுத் தடுமாற்றம், குணமாற்றம், வலிப்பு, மயக்கம் ஏற்படும். இதைப் பேய்க்குணம் என்றெண்ணி நூல் கட்டி நாட்களைக் கடத்த வேண்டாம். மருந்தில்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறப்பர். அசைக்ளோவிர் மருந்தை நாளத்தில் உடனே ஏற்றினால் பெரும்பாலானோர் பிழைப்பர். பிந்தினால் பிழைத்தவருக்கும் ஞாபகசக்தி குன்றலாம். ஆகவே அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.

பிறந்த குழந்தைக்கு இவ்வைரசு பொல்லாதது. உதட்டில் கொப்புளம் உள்ளபோது பச்சைக் குழந்தையைக் கொஞ்சாதிருப்போம்.