எடை குறைந்த வாக்யூம் கிளீனர்: வாட் அளவை மட்டும் பார்த்து வாங்கலாமா?

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டை போன்ற ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் மெத்தை, தலையணைகளில் தூசிப்பூச்சிகள் எளிதில் பெருகும். அவற்றின் கழிவு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் காற்றில் பரவும் என்பதால், வாக்யூம் கிளீனர் பயன்தரும்.

விலை குறைந்த கருவியை வாங்குவோர் வாட் அளவை மட்டும் நம்பக் கூடாது. அது மின்நுகர்வையே குறிக்கும். உறிஞ்சும் திறனை அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டு உபயோகக் கருவிகளின் மின்நுகர்வை 900 வாட்டுக்குள் கட்டுப்படுத்தியது. உறிஞ்சும் அழுத்தம் கிலோபாஸ்கல் அளவில் குறிப்பிடப்படுகிறது.

ஆஸ்துமா நோயாளிகள் உள்ள வீட்டுக்கு, 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் 'ஹெப்பா' வடிகட்டி உகந்தது. கழுவத்தக்க வடிகட்டியை முழுமையாக உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை படியும். மாற்று வடிகட்டியின் விலையையும் முன்கூட்டியே விசாரிப்பது சிக்கனம்.