வயிற்றுக் கோளாறும் அக்குபங்சரும்: முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

உடன்குடிப் பக்கம் பதநீர்க் காலம் வந்துவிட்டால் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெறும் வயிற்றில் ரெண்டு தடவை கருப்பட்டிக் காப்பி, பதினொரு மணிக்கு மேல்தான் முதல் சோறு. இப்படியே போய் எனக்குப் புளிச்ச ஏப்பமும் உப்புசமும் வந்து சேர்ந்தன. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி மந்தம். சுக்கு, ஓமம், சீரகம் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் இயற்கை உழவு நண்பர்கள் சொல்லி அக்குபங்சருக்குப் போனேன்.

"கால்ல ஊசி குத்துனா வயிறு சரியாகுமாக்கும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சீன மருத்துவம் உடலில் உயிராற்றல் ஓடும் தடங்கள் இருப்பதாகச் சொல்கிறது. இரைப்பைக்கான தடம் முகத்தில் தொடங்கிக் கால்விரலில் முடியும். அதில் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கி, முன்னெலும்பிலிருந்து வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி இருக்கும் புள்ளியைத்தான் செரிமானக் கோளாறுக்குப் பெரும்பாலும் தொடுகிறார்கள். அங்கே குத்தும்போது நரம்புகள் தூண்டப்பட்டு, மூளை வழியாக இரைப்பையின் அசைவு மாறுகிறது என்பது இன்றைய உடலியல் தரும் விளக்கம்.

இதை உலகம் கவனிக்கத் தொடங்கியதே ஒரு வயிற்று உப்புசத்தால்தான். 1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்கு வழக்கமான மயக்க மருந்துதான். பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோது, முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி வைத்தார்கள். வயிற்றருகே மூலிகை கொளுத்தி வெப்பமும் காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்ததென்று அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். நம் நாட்டுக்கு இம்முறை அதற்கு முன்பே வந்துவிட்டது. 1938-ல் இந்திய மருத்துவக் குழுவோடு சீனா போன டாக்டர் பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மறுபடியும் அங்கே போய்க் கற்றுக் கல்கத்தாவில் தொடங்கினார்.

ஒருவர் அனுபவம் சாட்சியாகாது. ஆய்வையும் பார்ப்போம். சாப்பிட்டதும் வயிறு நிறைந்து உப்பும் கோளாறு உள்ள 278 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. 4 வாரத்தில் 12 முறை ஊசி. முறையான ஊசி போட்டவர்களில் 100-க்கு 83 பேர் தேறியதாகச் சொன்னார்கள். பெயருக்குப் போட்ட போலி ஊசியிலும் 52 பேர் அப்படியே சொன்னார்கள். ஆக, பலன் இருக்கிறது. அதில் ஒரு பங்கு ஓய்வாலும் நம்பிக்கையாலும் வருவது. எல்லா வயிற்றுக் கோளாறுக்கும் இது பொருந்தாது. குடல் எரிச்சல் நோய்க்கு நடந்த சோதனைகளை 2012-ல் தொகுத்துப் பார்த்தபோது, போலி ஊசியைவிட அதிகப் பலன் தெரியவில்லை.

நான் போனபோது அந்த அம்மா உடனே ஊசியை எடுக்கவில்லை. "அண்ணாச்சி, மலம் கறுப்பாப் போகுதா? எடை குறைஞ்சிருக்கா? வலி மாத்திரை ஏதும் சாப்பிடுதியளா?" என்று கேட்டார். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "முதல்ல டாக்டரப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சோதித்ததில் புண் எதுவும் இல்லை. அப்புறம்தான் ஊசி.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் கூட்டங்களிலேயே சிலர், "மாத்திரையைத் தூரப் போடுங்க, சோதனையே வேண்டாம்" என்கிறார்கள். கொடிக்காலில் வெற்றிலை மஞ்சளித்தால் சத்துக் குறைவாகவும் இருக்கலாம், வேர் அழுகலாகவும் இருக்கலாம். வேரைத் தோண்டிப் பார்க்காமல் கரைசல் ஊற்றுவோமா? வயிற்றுப் புண் பலருக்கு ஒருவகைக் கிருமியால் வருகிறது. அது ஊசியால் சாகாது. சர்க்கரை நோய் முற்றினாலும் இரைப்பை மந்தமாகும். கருப்பட்டிதானே என்று கணக்கில்லாமல் தின்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாத மெலிவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் கோளாறு: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான் முதலில். நெஞ்செரிச்சலோடு வியர்வையும் கைவலியும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஊசிக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம், மயக்கம் வரும். வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி மயிரிழை போன்றது. குத்துகையில் எறும்பு கடித்தது போலிருக்கும், பிறகு ஒரு கனமான உளைச்சல். இருபது, முப்பது நிமிடம் படுத்திருந்தால் போதும்.

ஆறு தடவை போனேன். உப்புசம் நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே நாட்களில் வலி மாத்திரையை விட்டுவிட்டேன், எட்டு மணிக்கே கூழோ பழையதோ குடிக்கவும் தொடங்கினேன். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஊசியை நிறுத்தி மாதங்கள் ஆகின்றன. எட்டு மணிக் கூழை மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை.