சவிட்டு நாடகம்: கொச்சிக் கரையில் ஒரு தமிழ்க் கலைவிழா



சென்ற ஆண்டு நம் சங்க ஆண்டுவிழாவுக்கு வந்திருந்தவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை மறந்திருக்க மாட்டார்கள். எட்டுக் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மின்சாரம் போயிற்று. பாட்டு நின்றது. பாட்டோடு குழந்தைகளும் நின்றுவிட்டார்கள். ஒலி ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பாலமும் தண்டவாளமும் பார்த்தவன், ஒரு ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்யாமல் போனேன். குறை என்னுடையதுதான்.

அந்த எட்டுப் பேரில் என் பேத்தியும் ஒருத்தி. வைட்டிலாவுக்குத் திரும்பி வரும்போது, "நீங்களே பாடிக்கொண்டு ஆடியிருக்கலாமே, கண்ணு?" என்று கேட்டேன். "ஆட்டம்தான் தாத்தா தெரியும். பாட்டு தெரியாது" என்றாள். ஜெனரேட்டர் இல்லாததைவிட இந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் ஒரு முழுப் பாட்டு அந்தக் குழந்தையின் வாயில் இல்லை.

இதற்குச் சில மாதங்கள் கழித்து, ஃபோர்ட் கொச்சிப் பக்கம் ஒரு மாதா கோயில் திருநாளில் சவிட்டு நாடகம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, பேத்தியையும் அழைத்துக்கொண்டு போனேன். மைதானத்தில் மரப்பலகை மேடை. ராஜாவும் படைவீரர்களும் கிரீடம், கவசம், பளபளக்கும் வெல்வெட் அங்கி என்று ஐரோப்பிய உடையில் வந்தார்கள். பாடிக்கொண்டே பலகையை ஓங்கி மிதித்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இது தமிழா?" என்று கேட்டாள். காது கொடுத்துக் கேட்டேன். ஆம், தமிழேதான். மலையாளம் கலந்த பழைய தமிழ்.

இந்தக் கலையைப் பற்றி நான் படித்தும் விசாரித்தும் அறிந்ததை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

'சவிட்டு' என்றால் மிதி. நாகர்கோவில் பக்கத்து அன்பர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு கேரளக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்க மக்களிடையே உருவான நாடகம் இது. சாவக்காடு முதல் கொல்லம் வரை கரையோர ஊர்களில் ஆடப்பட்டது. பறவூர் அருகே பெரியாற்றின் கழிமுகத்தில் உள்ள கோதுருத்து என்ற தீவு இதற்குப் பேர்பெற்ற ஊர். அந்த ஊரைச் சேர்ந்த சபீனா ராஃபி என்ற அம்மையார், அழிந்துவரும் நிலையில் இருந்த இக்கலையை ஆராய்ந்து 1964-ல் ஒரு நூல் எழுதினார். அதன் பிறகே படித்தவர்களின் பார்வை இதன் பக்கம் திரும்பியது.

பெயர்பெற்ற நாடகம் 'கார்ல்மான் சரித்திரம்'. கி.பி. 800-ல் ரோமாபுரியில் முடிசூடிய சார்லமேன் சக்கரவர்த்தியும் அவருடைய பன்னிரு வீரர்களும் பற்றிய கதை. இதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்றும், அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றும் மரபாகச் சொல்கிறார்கள். ஐரோப்பியக் கதையைத் தமிழ்ப் பாட்டாக்கி மலையாளக் கரையில் மீனவர்களும் தச்சர்களும் ஆடியிருக்கிறார்கள்! 'ஞானசௌந்தரி', 'ஜெனோவா' ஆகிய கதைகளும் இந்த மேடையில் உண்டு. 1953-ல் எம்.ஜி.ஆர். நடித்து, தமிழிலும் மலையாளத்திலும் வந்த 'ஜெனோவா' படம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம்.

சொற்களையும் கவனியுங்கள். நாடகம் எழுதிய ஏடு 'சுவடி'. கற்பிக்கும் ஆசானுக்கு 'அண்ணாவி' என்று பெயர். இலங்கையில் நாட்டுக்கூத்து ஆசிரியரை இன்றும் 'அண்ணாவியார்' என்றுதான் அழைக்கிறார்கள். நடுவே வந்து வேடிக்கை செய்து கதையை விளக்குபவன் கட்டியக்காரன். நம் தெருக்கூத்தில் வரும் அதே கட்டியக்காரன்தான்.

இனி மேடைக்கு வருகிறேன். என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் விஷயம் இது. சவிட்டு நாடகத்துக்குச் சிமெண்டுத் தரை உதவாது. மரச்சட்டத்தின் மேல் பலகை பரப்பி, அடியில் வெற்றிடம் விட வேண்டும். அப்போது மிதிக்கும் பலகை அதிர்ந்து, கீழே உள்ள காற்றும் அதிர்ந்து, மேடை முழுவதும் ஒரு பெரிய மத்தளம்போல ஒலிக்கும். செண்டை, மத்தளம், இலத்தாளம் பக்கத்தில் நின்று அதற்கு இசையும். பின்னாளில் ஆர்மோனியம், தபேலா, பிடில் சேர்ந்தன. ஆனால் முதல் வாத்தியம் நடிகனின் கால்தான்.

இருபது பேர் ஒரே தாளத்தில் மிதித்தால் மேடைக்கு வரும் சுமை சாதாரணமானதல்ல. 1831-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே, படைவீரர்கள் அடி ஒத்து நடந்தபோது பிராட்டன் தொங்குபாலம் இடிந்து விழுந்தது. அதன் பிறகு பாலத்தின் மேல் படை போகும்போது அடி கலைத்து நடக்கும் வழக்கம் வந்தது. நாங்கள் தேடித் தேடித் தவிர்க்கும் ஒத்த அதிர்வை இந்த மக்கள் வேண்டி வரவழைக்கிறார்கள். அதைத் தாங்கும்படி மேடை கட்டவும் அவர்களுடைய தச்சர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாடகம் முடிந்ததும் படைவீரராக ஆடிய ஒரு பெரியவரிடம் பேசினேன். பகலில் மீன்பிடி வேலை செய்பவர். பாட்டின் பொருள் தெரியுமா என்று கேட்டேன். "அர்த்தம் முழுவன் அறியில்லா சாரே, பக்ஷே சுவடு தெற்றில்லா" என்று சிரித்தார். பொருள் முழுவதும் தெரியாதாம், ஆனால் அடி தவறாதாம். சிறு பையனாக இருந்தபோது ஆசானிடம் அடியும் பாட்டும் சேர்த்தே கற்றதாகச் சொன்னார். கால் ஒரு அடி வைத்தால் அதற்குரிய சொல் தானாக வாய்க்கு வருகிறது. என் பேத்திக்கு ஆட்டம் தெரிகிறது, பாட்டு தெரியவில்லை. அவருக்கு இரண்டும் பிரியாமல் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் அவருடைய நாடகம் நிற்காது.

இன்னொரு உதாரணமும் உண்டு. நான் ஷொர்ணூர் ஜங்ஷனில் வேலை பார்த்த காலத்தில், சுற்றுவட்டாரப் பகவதி கோயில்களில் தோல்பாவைக் கூத்து பார்த்திருக்கிறேன். இருபத்தொரு விளக்குகளை ஏற்றி, திரைக்குப் பின்னால் தோல்பாவைகளை ஆட்டி, இரவிரவாகச் சொல்வது நம் கம்பராமாயணம். சொல்பவர்களுக்குப் 'புலவர்' என்று பட்டம். தாரிகனோடு போர் செய்துகொண்டிருந்த பத்ரகாளி இராம இராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அவளுக்காகவே கூத்து நடக்கிறது என்பது ஐதீகம். அதனால் எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். இந்தக் கலையைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இரண்டு இடங்களிலும் வீட்டு மொழி மலையாளம். இருந்தும் தமிழ்ப் பாட்டு தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது. நாம் வீட்டில் தமிழ் பேசியும் குழந்தைகளிடம் பாட்டு நிற்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே விழா என்றால் ஊரார் பார்க்க வருவது மட்டுமல்ல. ஒருவர் மேடை கட்டுகிறார், ஒருவர் உடை தைக்கிறார், ஒருவர் கொட்டுகிறார், பிள்ளைகள் ஆசான் முன் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். பாட்டு, நாடகம், வாத்தியம் மூன்றும் அந்த மனிதர்களிடமே இருக்கின்றன. நாம் பாட்டை வெளியிலிருந்து வாங்கி வந்து, குழந்தைகளை அதற்கு ஆட விடுகிறோம்.

ஆகவே சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன். வரும் பொங்கல் விழாவில் ஒரு மணி நேரமாவது பதிவு செய்த இசை இல்லாமல் நிகழ்ச்சி நடக்கட்டும். ஒவ்வொரு குழந்தையும் ஒரு தமிழ்ப் பாட்டைப் பொருளோடு மனப்பாடமாகச் சொல்லட்டும். இருபது நிமிட நாடகம் ஒன்றைப் பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து போடுவோம். மிருதங்கமும் ஆர்மோனியமும் வாசிப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். நம் மண்டபத்து மேடை சிமெண்டு. அதன் மேல் ரீப்பர் கட்டை அடித்துப் பிளைவுட் பலகை போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். இம்முறை ஜெனரேட்டரையும் மறக்க மாட்டேன்!

பெற்றோர் கவனத்துக்கு இன்னொன்று. 1957-ல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் இப்போது சவிட்டு நாடகமும் ஒரு போட்டி. அதே கலோத்சவத்தில் தமிழ்ப் பத்தியம் சொல்லும் போட்டியும் இருக்கிறது. நம் குழந்தைகள் அதில் சேரலாம். பள்ளியில் விசாரித்துப் பாருங்கள்.

என் பேத்தி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் தமிழ் எழுத்துக் கற்கிறாள். பாரதியார் பாட்டு ஒன்றில் எட்டு வரி மனப்பாடம் ஆகியிருக்கிறது. மீதியைச் சொல்லும்போது கூடத்தில் காலைத் தட்டித் தட்டிச் சொல்கிறாள். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். விவரம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய மகனையும் அனுப்புகிறார்.